முடக்குவாதம்: டாக்டரிடம் 'பரவாயில்ல' என்று மட்டும் சொல்லாதீர்கள்

காலை 6 மணி. அலாரம் அடிக்கிறது. போனை எடுத்து அலாரத்தை நிறுத்த வேண்டும், ஆனால் விரல் மடங்கவில்லை. பால் பாக்கெட்டை வெட்ட கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளைக்கு ஜடை பின்ன உட்கார்ந்தால் மணிக்கட்டு சுருக்கென்று வலிக்கிறது. எட்டரை, ஒன்பது ஆனதும் கை கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. "நேத்து துணி நிறைய துவைச்சோம், அதான்" என்று நாமே நமக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் அது துணி துவைத்த வலியாக இருக்கலாம். ஆறு வாரமாக இப்படியே இருந்தால், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். சில ஊர்களில் இதைச் சரவாங்கி என்பார்கள். கை கால் செயலிழக்கும் பக்கவாதம் வேறு, இது வேறு. பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த நோயில் மருந்து பாதி வேலையைத்தான் செய்யும். மீதியை நோயாளி தன் நோயைத் தெரிந்துகொள்வதும், அதை டாக்டரிடம் சரியாகச் சொல்வதும்தான் செய்ய வேண்டும். அந்த மீதிப் பாதியைப் பற்றியதே இந்தக் கட்டுரை. கையில் இருக்கும் ஸ்மார்ட்போனும் இதில் நிறைய உதவும்.

இது என்ன நோய்?

நம் உடலில் கிருமிகளோடு சண்டை போட ஒரு எதிர்ப்புப் படை இருக்கிறது. முடக்குவாதத்தில் அந்தப் படை ஆள் தெரியாமல் நம் மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. அப்படியே விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு விரல்கள் கோணிப் போகும். கண், நுரையீரல், ரத்தக்குழாய் போன்ற உறுப்புகளையும் இது பாதிக்கலாம். அதனால் இதை வெறும் மூட்டுவலி என்று நினைக்கக்கூடாது.

நூறு பேரை எடுத்தால் அதில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம். வயதானவர்களுக்குத்தான் வரும் என்பது தவறு. குடும்பமும் வேலையும் தோளில் இருக்கும் 30, 40 வயதில்தான் பலருக்கும் ஆரம்பிக்கிறது.

வயதாகி வரும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்:

• தேய்மானத்தில் நடந்தால், வேலை செய்தால் வலி கூடும்; ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பிறகுதான், அதாவது காலையில்தான், பிடிப்பு அதிகம்.
• தேய்மானத்தில் காலைப் பிடிப்பு கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இருக்கும்.
• தேய்மானம் பெரும்பாலும் முழங்காலில் வரும். முடக்குவாதம் பொதுவாக மணிக்கட்டு, விரல் அடி மூட்டு, நடு மூட்டு, கால் விரல் அடி ஆகியவற்றில், இரண்டு பக்கமும் வரும்.
• முடக்குவாதத்தில் வலியோடு அசதியும் சேர்ந்துவரும். தூங்கி எழுந்தும் களைப்பு தீராது. சிலருக்கு லேசான காய்ச்சல் இருக்கும், எடையும் குறையும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிக்குன்குனியா வந்தவர்களுக்கும் மாதக்கணக்கில் மூட்டுவலி இருக்கும். அதனால் சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏன் சீக்கிரம் போக வேண்டும்?

நோய் தொடங்கிய முதல் சில மாதங்கள் பொன்னான நேரம். அப்போதே சரியான மருந்து ஆரம்பித்தால் மூட்டு அரிக்கப்படாமல் தடுக்கலாம். அரித்த எலும்பை எந்த மாத்திரையும் திரும்பக் கொண்டுவராது. எண்ணெய் தேய்ப்பது, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்குவது, பக்கத்து வீட்டில் சொன்ன பொடி என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டு வருபவர்கள் இழப்பது அந்தச் சில மாதங்களைத்தான்.

முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். அங்கிருந்து ருமட்டாலஜி, அதாவது மூட்டு மற்றும் இணைப்புத் திசு நோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியவில்லையா? 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. இரண்டும் நோயை உறுதிசெய்ய உதவும். இங்கே ஒரு விஷயம் முக்கியம். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்தாலும் முடக்குவாதம் இருக்கலாம். பாசிட்டிவ் என்று வந்த எல்லோருக்கும் நோய் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. லேப் ரிப்போர்ட்டைக் கூகுளில் தேடி நீங்களே முடிவுக்கு வராதீர்கள். மூட்டைத் தொட்டுப் பார்த்து, உங்கள் கதையைக் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

இரண்டு நிமிடத்தில் என்ன சொல்வது?

ஓ.பி.யில் காலையிலிருந்து வரிசை. உங்கள் முறை வருகிறது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"பரவாயில்ல டாக்டர்."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் டாக்டர்."

"சரி, அதையே தொடருங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே வந்து படியிறங்கும்போதுதான் ஞாபகம் வருகிறது: போன மாதம் பத்து நாள் கை வீங்கி வேலைக்கே போகவில்லை, வாயில் புண் வந்தது, மாத்திரை சாப்பிட்ட மறுநாள் குமட்டல் தாங்காமல் இரண்டு வாரம் விட்டுவிட்டோம். எதையும் சொல்லவில்லை. பயத்தினாலும் மரியாதையினாலும், பின்னால் இருக்கும் வரிசையைப் பார்த்தும், எல்லாவற்றையும் 'பரவாயில்ல' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

டாக்டருக்கு ரத்த ரிப்போர்ட் தெரியும், வீக்கம் தெரியும். உங்களுக்குக் காலையில் எத்தனை மணிக்குக் கை இளகுகிறது, ராத்திரி எத்தனை முறை வலியில் விழிக்கிறீர்கள், எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். உலகம் முழுக்க இந்த நோயின் தீவிரத்தை அளக்கும் கணக்கில் 28 மூட்டுகளைப் பார்க்கிறார்கள், ரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறார்கள். அதோடு 'நோய் உங்களை எவ்வளவு படுத்துகிறது' என்று நோயாளியே போடும் மதிப்பெண்ணையும் சேர்க்கிறார்கள். அதாவது உங்கள் பேச்சும் ஒரு பரிசோதனை முடிவுதான். அதை 'பரவாயில்ல' என்று கொடுத்தால் கணக்கே தப்பாகிவிடும்.

இதே சந்திப்பை வேறு விதமாகப் பாருங்கள்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"போன மாசம் பத்து நாள் ரெண்டு மணிக்கட்டும் வீங்கிச்சு டாக்டர், போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். காலையில ரெண்டு மணி நேரம் பிடிப்பு. வார மாத்திரை சாப்பிட்டா மறுநாள் குமட்டுது. அதனால ரெண்டு வாரம் விட்டுட்டேன்."

அதே நேரம்தான் ஆகிறது. ஆனால் இப்போது டாக்டர் மருந்தின் அளவை மாற்றலாம், குமட்டலுக்கு வழி சொல்லலாம், வேறு மருந்தையும் யோசிக்கலாம். மாத்திரை விட்டதை மறைத்தால், 'இந்த மருந்து வேலை செய்யவில்லை' என்று நினைத்து இன்னும் கடுமையான மருந்துக்குப் போகவும் வாய்ப்பிருக்கிறது. திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள்.

போனில் செய்ய வேண்டிய ஐந்து வேலைகள்

1. நோட்ஸ் செயலியில் 'என் மூட்டு' என்று ஒரு பக்கம் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை மூன்றே வரி போதும்: காலைப் பிடிப்பு எவ்வளவு நேரம், வலி 10-க்கு எத்தனை, அசதி 10-க்கு எத்தனை. விரல் வலித்தால் மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே பேசுங்கள், அது தானாக எழுதிக்கொள்ளும்.

2. வீக்கம் இருக்கும் அன்றே போட்டோ எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வீக்கம் வடிந்துவிடுவது வழக்கம். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் எடுங்கள்.

3. மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதியோடு ஒரே ஆல்பத்தில் வையுங்கள். 14 இலக்க ஆபா எண் உருவாக்கிக்கொண்டால் மருத்துவப் பதிவுகளை அதனுடன் இணைத்தும் வைக்கலாம்.

4. வார மாத்திரைக்கு வாரம் ஒருமுறை மட்டும் அடிக்கும் அலாரம் வையுங்கள். ஏன் இது முக்கியம் என்பது அடுத்த பகுதியில் இருக்கிறது.

5. டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முந்தின நாளே எழுதிவையுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், முக்கியமானது முதலில் இருக்கட்டும்.

சின்னச் சந்தேகத்துக்கு இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம். ஆனால் மூட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

மருந்து: தெரிந்தே சாப்பிடுங்கள்

வலி மாத்திரை வலியைக் குறைக்கும், நோயைத் தடுக்காது. நோயைத் தடுப்பது வேறு வகை மருந்துகள். அவற்றில் முதலில் வருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிடவே கூடாது. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து ஏற்பட்டிருக்கிறது. மாத்திரை வாங்கியதும் கவரின் மேல் கிழமையைத் தமிழில் எழுதுங்கள், 'ஞாயிறு மட்டும்' என்பது போல. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவருக்கும் சொல்லிவையுங்கள். ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகச் சாப்பிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

இந்த மருந்து வேலை காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும். 'ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல' என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள். அது பக்கவிளைவைக் குறைக்கும், அதையும் சொன்ன நாளில் சாப்பிடுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் செய்துகொள்ளுங்கள். மது கூடாது. வேறு நோய்க்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கோ-டிரைமாக்சசோல் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதனுடன் சேர்ந்தால் ஆபத்து.

குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. அதனால் 'இந்த நோய் வந்தா குழந்தையே பெத்துக்கக் கூடாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்ற மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக:

• ஹைட்ராக்சிகுளோரோகுவின்: நீண்ட நாள் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம். கண் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.
• சல்ஃபாசலாசின்: சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகலாம். பயப்பட வேண்டாம்.
• ஸ்டீராய்டு: வீக்கத்தைச் சட்டென்று குறைக்கும். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டால் சர்க்கரை கூடும், எலும்பு பலவீனமாகும். அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.
• பயாலஜிக் ஊசிகள்: மற்ற மருந்துகள் போதாதபோது தருவார்கள். அதற்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள்.

சித்த மருத்துவம் பார்ப்பவர்கள் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு உண்டு. இரண்டு டாக்டரிடமும் இரண்டு மருந்தையும் சொல்லுங்கள். ஆனால் லேபிள் இல்லாத பொடி, வாட்ஸ்அப்பில் விற்கும் மாத்திரை வேண்டாம். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பரிசோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'மூணே நாள்ல வலி பறந்துடுச்சு', கூடவே முகமும் உப்பிவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள்.

வீட்டு வேலையில் மூட்டைக் காப்பது

இந்த நோய்க்கு முழுக் குணம் இன்று இல்லை. ஆனால் நோயை அடக்கி, வீக்கமோ வலியோ பெரிதாக இல்லாத நிலைக்குக் கொண்டுவர முடியும். அதுதான் சிகிச்சையின் இலக்கு. அந்த நிலை வரும்வரையிலும், வந்த பிறகும், சின்ன மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுங்கள்:

• குக்கர், வாணலியை விரலால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் தாங்கித் தூக்குங்கள்.
• காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள்.
• துணியைக் கையால் முறுக்காமல், குழாயில் சுற்றி இரண்டு முனையையும் பிடித்துப் பிழியுங்கள்.
• கரண்டி, கத்தி, பேனாவின் பிடியில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்குங்கள்.
• முழு வாளிக்குப் பதில் அரை வாளியாக இரண்டு முறை தூக்குங்கள்.
• போனை ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள். நீண்ட செய்தியை டைப் செய்யாமல் பேசி அனுப்புங்கள்.

காலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, மெதுவாக விரலை மடக்கி நீட்டுங்கள். வீக்கம் அதிகமாக இருக்கும் நாளில் ஓய்வு கொடுங்கள், ஆனால் மாதக்கணக்கில் அசைக்காமல் இருந்தால் மூட்டு இறுகிவிடும். நடைப்பயிற்சி நல்லது. வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் உருளைக்கிழங்கு வாயு, புளி ஆகாது, தக்காளி ஆகாது என்று பெரிய பட்டியலே சொல்வார்கள். அப்படி எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்க வேண்டிய உணவு எதுவும் இல்லை. ஒதுக்கி ஒதுக்கியே ரத்தசோகையும் பலவீனமும் வந்தவர்கள் உண்டு. பருப்பு, முட்டை, மீன், கீரை, பால் எல்லாம் சாப்பிடுங்கள். எடையைக் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். புகை இந்த நோயைத் தூண்டும், மருந்தின் பலனையும் குறைக்கும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுதல் என்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"பாக்க நல்லாத்தானே இருக்க, அதுக்குள்ள என்ன அசதி?" இந்த நோயாளிகள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். இந்த அசதி சோம்பேறித்தனம் அல்ல, நோயின் ஒரு பகுதி. காலை வேலையை, குறிப்பாகச் சப்பாத்தி தேய்ப்பது, மாவு அள்ளுவது, தண்ணீர் தூக்குவது போன்றவற்றை மற்றவர்கள் எடுத்துக்கொண்டாலே பெரிய உதவி. முடிந்தால் ஒருமுறை ஓ.பி.க்குக் கூடப் போங்கள். அவர் 'பரவாயில்ல' என்று சொல்லும்போது, "இல்ல டாக்டர், ராத்திரி தூங்கவே இல்ல" என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நாள்பட்ட வலி மனதையும் தளர்த்தும். எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

• ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால்
• மருந்து சாப்பிடும்போது காய்ச்சல், வாய் நிறையப் புண், காரணமில்லாத ரத்தக்கட்டு, விடாத இருமல், மூச்சுத் திணறல் வந்தால்
• கண் சிவந்து கடுமையாக வலித்தால்
• கழுத்து வலியோடு கை கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால்

மூச்சுத் திணறல் போன்ற அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள். எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், மயக்க மருந்து தரும் டாக்டரிடம் உங்களுக்கு முடக்குவாதம் இருப்பதைச் சொல்லுங்கள். கழுத்து எலும்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அவர் கூடுதல் கவனம் எடுப்பார்.

அரசு உதவிகள்

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை வரை போனால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே அட்டை வாங்கிவைப்பது நல்லது.

மூட்டுகள் கோணி, அன்றாட வேலை செய்ய முடியாத நிலை இருந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மதிப்பீடு கேட்கலாம். மருத்துவர்கள் 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றளித்தால், சட்டம் சொல்லும் சலுகைகளுக்குத் தகுதி உண்டு. தனித்துவ அடையாள அட்டைக்குப் போனிலேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்த ஓ.பி. நாளுக்கு முன்

இன்றைக்கே போனில் ஒரு பக்கம் திறந்து இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கை இளகுகிறது? போன தடவைக்குப் பிறகு எத்தனை மாத்திரை விட்டுப்போனது, ஏன்? நோயால் நிறுத்திய எந்த வேலையை மறுபடியும் செய்ய ஆசைப்படுகிறீர்கள்? கோலம் போடுவதோ, ஸ்கூட்டி ஓட்டுவதோ, பேத்தியைத் தூக்குவதோ, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த தடவை டாக்டர் "எப்படிம்மா இருக்கீங்க?", "எப்படிய்யா இருக்கீங்க?" என்று கேட்கும்போது அதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் சிகிச்சை அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.